‘புனிதப் போர்’ என்னும் பொய்

சிலுவைப் போர்களின் காரணங்கள் யாவை, தலைவர்கள் யாவர் என்னும் வினாவுக்கு விடையெழுதிப் புள்ளி பெறாத வரலாற்று மாணவர் எம்மிடையே அரியர். புனித தலங்களை மீட்கக் கிறித்தவ ஐரோப்பா பொங்கியெழுந்தது. 1095இல் எழுந்த அவ்வெழுச்சி 1291இல் ஏக்கர் நகரின் வீழ்ச்சியோடு அடங்கியது என்பதே அவ்விடையின் சாரம். இவ்விடை இருவகையிற் பிழைபட்டது. அப்போர் தானாகப் பொங்கியதன்று, திட்டமிட்டு எழுப்பப்பட்டது. 1291இல் அடங்கியதுமன்று, குறிஞ்சாக்கேணியிலிருந்து நாம் நாள்தோறும் போய்வரும் திருக்கோணமலைத் துறைமுகம் வரை அது வந்து சேர்ந்தது.

முதலில் தோற்றத்தை நோக்குவோம். 1071இல் மான்சிக்கேட் போர்க்களத்திற் செல்சூக் துருக்கியரிடம் பைசாந்தியம் தோற்றது. பின்னர்ப் பேரரசன் அலெக்சியஸ் மேற்குலகிடம் படையுதவி கேட்டான். அவன் வேண்டியது கூலிப்படை. பாப்பரசர் இரண்டாம் அர்பன் 1095 நவம்பரிற் கிளெர்மோன் நகரில் அறிவித்ததோ பாவமன்னிப்புத் தரும் போர். ஓயாது தமக்குள் பொருதிய நிலமானியப் பிரபுக்களின் வாளை வெளியே திருப்பவும், கீழைத் திருச்சபையின்மீது உரோமாபுரியின் தலைமையை நாட்டவும் அவ்வறிவிப்பு வாய்ப்பளித்தது. நிலத்தை அடகு வைத்துப் புறப்பட்டோரின் நம்பிக்கை மெய்யானதே. அந்நம்பிக்கையை மறுப்பது வரலாறாகாது. அதனைப் பயன்கொண்டோர் யாவர் என வினாவுவதே வரலாறாகும்.

பேதுரு துறவியின் பின்னே சென்ற ஏழை மக்களிற் பெரும்பாலோர் 1096இல் அனத்தோலியாவில் மடிந்தனர். பிரபுக்களோ அரசுகள் பெற்றனர். பொஹெமண்ட் அந்தியோக்கியாவைத் தனதாக்கினான். போல்ட்வின் 1098இற் கைப்பற்றிய எடெசாவை அதுவரை ஆண்டவன் ஆர்மேனியக் கிறித்தவன்! புறப்பட்டோரிற் சிலர் வழியிலேயே றைன் நதிக்கரை நகர்களில் யூதரைக் கொன்று குவித்தனர். 1099 யூலை 15இல் ஜெரூசலேம் வீழ்ந்தபோது முஸ்லிம்களும் யூதரும் வெட்டுண்டனர். 1204இல் அதே சிலுவை தாங்கிய படை கிறித்தவரின் பெருநகராகிய கொன்ஸ்தாந்திநோப்பிளைக் கொள்ளையிட்டது. இதிற் புனிதம் யாது?

இனி, அப்போர் கடல் கடந்த வழியைக் காண்போம். சிலுவைப் போரிற் பிறந்த தெம்பிளர் சபை 1312இற் கலைக்கப்பட்டது. போர்த்துக்கலில் அதன் உடைமைகளைக் கொண்டு 1319இல் கிறித்துவின் சபை என்னும் வீரர் அமைப்பு நிறுவப்பட்டது. 1420இல் அதன் ஆளுநனானவன் கடலோடி எனப் புகழ்பெற்ற இளவரசன் ஹென்றி. 1455இற் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் விடுத்த ஆணை, முஸ்லிம்களையும் பிற சமயத்தாரையும் வென்று அடிமைகொள்ளும் உரிமையையும் கடல்வாணிகத் தனியுரிமையையும் போர்த்துக்கலுக்கு ஒருங்கே வழங்கிற்று. போர்த்துக்கேயர் மிளகுக்காகவே வந்தனர், சமயம் வெறுஞ்சாட்டு என்போர் இவ்வாணையை நோக்குக. மிளகையும் சிலுவையையும் ஒரே ஏட்டில் எழுதியவர் அவர்களே.

அவ்வேட்டின் பயனை இந்நாடு அனுபவித்தது. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. 1620களின் முற்பகுதியிற் கொன்ஸ்தாந்தீனு டி சா கோணேசர் ஆலயத்தை இடித்தான்; அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. 1626இற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப்பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினர். அவர்களுக்கு அடைக்கலமளித்து மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றியவன் கண்டியின் பௌத்த மன்னன் செனரத்.

அவ்வாறாயின் இப்பழியை இன்றைய கத்தோலிக்கர் சுமக்க வேண்டாவா என வினவுவோர் உளர். வரலாற்றை அரைகுறையாகக் கற்றோரின் வினா அது. 1544இல் மன்னாரிற் புதிதாகக் கத்தோலிக்கம் தழுவிய ஏறத்தாழ அறுநூறு தமிழரைக் கொல்வித்தவன் யாழ்ப்பாணத்து முதலாம் சங்கிலி. போர்த்துக்கேயர்மீது கொண்ட அச்சத்தை அவன் தன் குடிகள்மீது தீர்த்தான். பின்னர் வந்த ஒல்லாந்தரும் கிறித்தவரே. அவர்கள் கத்தோலிக்கத்தைத் தடை செய்தனர். 1687இல் மாறுவேடத்தில் வந்திறங்கிய யோசேப் வாஸ் அடிகளுக்கு இறுதியிற் புகலிடமானதும் கண்டியே. கொன்றோரையும் காத்தோரையும் சமயப் பெயர்கொண்டு பிரிக்க முயல்வோர்க்கு எம் வரலாறு இடங்கொடுப்பதில்லை.

இது பழங்கதையுமன்று. 2019 ஏப்பிரல் 21இல், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் 250க்கு மேற்பட்டோரைக் கொன்றவர்களும் புனிதப் போர் என்றே பேசினர். அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் வீடும் கடையும் எரியுண்டு நின்றவர்கள் அக்கொலையோடு எத்தொடர்புமற்ற முஸ்லிம்கள். தொலைவிலுள்ள பகைவன்மீது மூட்டிய சினம் அண்டை வீட்டான்மீது பாய்வதை 1096இல் றைன் நதிக்கரை கண்டது. 2019இல் நாம் கண்டோம்.

ஆதலின் பல்கலைக்கழக மாணவராகிய நாம் அப்பழைய வினாவை மாற்றியமைத்தல் வேண்டும். தலைவர் யாவர் என்பதோடு நில்லாது, பயன் பெற்றவர் யாவர், மடிந்தவர் யாவர், அடைக்கலம் கொடுத்தவர் யாவர் எனவும் வினவுவோமாக. நம்பிக்கை மக்களுடையது, போர் அதனை விலைபேசியோருடையது. அப்போருக்குப் புனிதம் என்னும் அடைமொழியை இனியும் எம் விடைத்தாள்களில் எழுதுவது, கொன்றவன் தனக்குத் தானே வழங்கிய நற்சான்றில் நாமும் கையொப்பமிடுவதேயாகும்.