சிற்றிலும் சிற்றடுக்களையும்

சென்ற ஆண்டு நம் கல்லூரி விடுதி மாணவர் தத்தம் கைவேலைகளைக் காட்சிக்கு வைத்த காலை, யாம் மூவர் கூடிச் செய்ததொரு சிறிய அடுக்களையையும் ஒரு மேசையின் ஓரத்தில் வைத்தோம். அதன் நீளம் 12 அங்குலம். அகலம் 9 அங்குலம். அட்டையால் சுவரெழுப்பிச் சுண்ணம் பூசி, களிமண்ணால் அடுப்பும் கொடியடுப்பும் அமைத்து, உறி, பரண், அம்மி, அஞ்சறைப்பெட்டி முதலியவற்றை அளவிற் குறைத்துச் செய்து வைத்திருந்தோம். காண வந்த நண்பர் பலர் நகைத்தனர். "மீசை முளைத்த பின்னுமா சொப்பு விளையாட்டு?" என்றார் ஒருவர். "தங்கைக்குக் கொண்டுபோகவோ?" என்றார் மற்றொருவர். அவர்மீது எமக்குச் சினமில்லை. ஓராண்டுக்கு முன் யாமும் அங்ஙனமே நகைத்திருப்போம். ஆயினும் அந்நகைப்புக்கு விடை கூறுதல் கடமையெனக் கருதி இவ்வியாசத்தை வரையத் துணிந்தோம். பொம்மை வீட்டு அடுக்களையைக் கட்டுவதும் அணிசெய்வதும் கற்றோர் கைக்கொள்ளத்தக்க பயிற்சி என்பதும், ஆடவரே அதனை முதற்கண் மேற்கொள்ள வேண்டும் என்பதும் எம் கொள்கை.

இவ்விளையாட்டு நம்மவர்க்குப் புதியதன்று. மணலில் வீடு இழைத்து, மணலையே சோறாக்கி விருந்திடும் சிறுமியரைப் பழந்தமிழ்ப் புலவர் கண்டு மகிழ்ந்திருக்கின்றனர். அவ்வீட்டைச் சிற்றில் என்றும், அச்சோற்றைச் சிறுசோறு என்றும் வழங்கினர். அம்பாசமுத்திரத்து மரச்சொப்புகள், அரக்குச் சாயம் ஏற்றிய பானையும் சட்டியும் குடமுமாக, நம் தாய்மார் பலருடைய இளமையில் பங்குகொண்டவை. ஆனால் ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்த வகையில் ஆண்பாற்குரிய பத்துப் பருவங்களுள் சிற்றில் சிதைத்தல் ஒன்று. சிறுமியர் அரும்பாடுபட்டு இழைத்த வீட்டைப் பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் காலால் அழிக்க வருகின்றான். அழியாதே என்று அவர்கள் இறைஞ்சுகின்றனர். பாட்டின் இனிமையில் நாம் மயங்குகின்றோம். எனினும், பெண் கட்டுவாள், ஆண் சிதைப்பான் என்னும் வழக்குப் பாட்டோடு நின்றுவிட்டதா? அடுக்களைப் பக்கம் காலெடுத்து வையாமல், உப்புக் குறைந்ததென்று மட்டும் உரக்கக் கூறும் ஆடவர் இன்றும் சிற்றில் சிதைப்பவரே என்போம்.

மேனாட்டார் இவ்விளையாட்டை எங்ஙனம் கையாண்டனர் என்பதையும் நோக்குவோம். ஜெர்மனி தேசத்து நூரம்பர்க் நகரம் விளையாட்டுப் பொருள்களுக்குப் பெயர்போனது. 1631ஆம் ஆண்டில் அந்நகரத்து அன்னா கோஃபர்லின் என்னும் மாது பெரியதொரு பொம்மை வீட்டை அமைத்து ஊரார் வந்து காணுமாறு வைத்தார். அதனைப் பார்த்துச் சிறார் இல்லத்தை ஒழுங்குபெற நடத்தக் கற்பர் என்பது அவர் எண்ணம். 1639ஆம் ஆண்டைச் சேர்ந்த வேறொரு பொம்மை வீடு அந்நகரத்து ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளது. பின்னர் 18, 19ஆம் நூற்றாண்டுகளில், வீட்டை விடுத்து அடுக்களையை மட்டும் தனியே செய்து விற்பது பெருவழக்காயிற்று. அதற்கு நூரம்பர்க் அடுக்களை என்றே பெயர். முன்புறம் திறந்த ஒரு பெட்டி. உயர்ந்த அடுப்பு மேடை. அதன்மேல் புகையை ஏந்திச் செல்லும் கூடு. இருமருங்கும் அடுக்குப் பலகைகளில் செம்பு, பித்தளை, வெள்ளீயப் பாத்திரங்கள். சிலவற்றில் கோழிகளை அடைக்கும் சிறு கூண்டுங்கூட உண்டு. சிறுமியர் இதனைக்கொண்டு பாத்திரங்களின் பெயரும் இடமும் பயனும் கற்றனர்.

வேறிடங்களில் இஃது உயர்ந்தோரின் பெருமிதமாயிற்று. ஹாலந்து தேசத்து ஆம்ஸ்டர்டாம் நகரில், பெட்ரோனெல்லா ஊர்ட்மன் என்னும் சீமாட்டி 1686 முதல் 1710 வரையிலான காலத்தில் அமைத்த பொம்மை வீடு அந்நகரத்து ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. அதற்குச் செலவான பொருளைக்கொண்டு அந்நாளில் கால்வாய்க் கரையில் மெய்யான வீடொன்றே வாங்கியிருக்கலாம் என்பர். அவ்வீட்டில் அடுக்களை இரண்டு: ஒன்று சமைப்பதற்கு, மற்றொன்று பீங்கான் கலங்களை அடுக்கிக் காட்டுவதற்கு. இங்கிலாந்தின் மேரி அரசியாருக்காக, புதுதில்லியை வகுத்த எட்வின் லட்யன்ஸ் என்னும் சிற்பியார் அமைத்து 1924இல் முடித்த பொம்மை வீட்டிலோ குழாய்களில் நீர் ஓடும். விளக்குகள் மின்சாரத்தால் எரியும். அது விண்ட்சர் அரண்மனையில் உள்ளது. இவற்றைக் கேட்டு வியப்போர் நம் ஊரையும் நோக்குக. விருந்தினர் காணப் பளபளக்கும் சமையலறை ஒன்றும், நாள்தோறும் சமைக்கப் பின்கட்டில் இருண்ட அறை ஒன்றுமாக வீடு கட்டுவோர் நம்மிடையேயும் இலரோ?

ஆகவே சிற்றடுக்களை இரு பிழைகளுக்கு இடந்தந்துள்ளது என்பதை யாம் மறைக்கவில்லை. நூரம்பர்க்கில் அது பெண்ணுக்கு அவள் நிற்க வேண்டிய இடத்தைச் சுட்டியது; அவளுடைய சகோதரனுக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை. மாளிகைகளில் அது செல்வத்தைக் காட்டும் கண்ணாடியாயிற்று. இவ்விரண்டினும் வேறாகிய வழியொன்று உண்டு. உள்ளதை உள்ளவாறே காணப் பழகுதல் அவ்வழியாகும்.

அதனை நன்கு காட்டியவர் அமெரிக்க நாட்டுப் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ (1878–1962) என்னும் அம்மையார். ஐயத்துக்குரிய மரணங்களை ஆராயும் காவலர் கண்ணிருந்தும் காணாதவராயிருத்தலை அறிந்து, அவர்களைப் பயிற்றுவதற்காக 1940களில் ஓரடிக்கு ஓரங்குலம் என்னும் அளவில் சிறிய அறைகள் பலவற்றை அமைத்தார். அவற்றுள் அடுக்களையும் ஒன்று. அங்கே ஒரு பெண் தரையில் இறந்து கிடக்கின்றாள். அவள் தொடங்கிய சமையல் பாதியில் நிற்கின்றது. ஒவ்வொரு பொருளும் ஒரு சாட்சி. பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளைக்கொண்டு அவர் பின்னினார் என்பர். ஹார்வர்டு சர்வகலாசாலையில் பயிற்சிக்குப் பயன்பட்ட அவ்வறைகள் பின்னர்ப் பால்டிமோர் நகரத்து மரண விசாரணை மருத்துவ அலுவலகத்தைச் சேர்ந்தன. முதிர்ந்த அதிகாரிகள் பொம்மை வீட்டின்முன் குனிந்து நின்று பாடங் கேட்டனர் என்பதை நம்மை நகைத்த நண்பர் அறிவாராக.

நிற்க. இவ்வேலையின் இயல்பைச் சிறிது கூறுவோம். ஓரடிக்கு ஓரங்குலமாகக் குறைக்கும்பொழுது தரையின் பரப்பு 144இல் ஒன்றாகும். கொள்ளளவோ 1,728இல் ஒன்றாகும். 17 லிட்டர் நீர் கொள்ளும் குடம் சிறுவீட்டில் 10 மில்லிலிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். அஃதாவது இரண்டு தேக்கரண்டி. இக்கணக்கை வகுப்பில் பலகால் எழுதியிருந்தும், களிமண் குடத்தை விரல் நுனியில் ஏந்தியபொழுதுதான் அதன் பொருள் எமக்கு விளங்கிற்று. பண்டங்கள் அனைத்தும் இவ்வளவுக்கு இணங்கி வருவதுமில்லை. ஆற்றுமணல் சிறிய தரையில் கூழாங்கல்லாய்த் தோன்றும். நன்கு சலித்த மண்ணையே இட வேண்டும். தடித்த துண்டை வெட்டித் தொங்கவிட்டால் பலகைபோல் விறைத்து நிற்கும்; பலகால் துவைத்து நைந்த மல்துணியே மடிந்து தொங்கும். மரத்தின் வரி பெரிதாயின் அஞ்சறைப்பெட்டியின் குட்டு வெளிப்பட்டுவிடும். சுவரை வெறும் வெள்ளையாக விடலாகாது. அடுப்புக்கு மேலே கரி எவ்வளவு உயரம் படியும், எப்பக்கம் சாயும் என்பது தெரிதல் வேண்டும். புழங்கியதன் அடையாளத்தைத் தக்க இடத்தில் வைப்பதே இக்கலையில் அணிசெய்தல் எனப்படும். அதற்குக் கை மட்டும் போதாது. முன்னே கண் வேண்டும்.

அக்கண் எமக்கு இல்லை என்பதை யாம் விரைவில் உணர்ந்தோம். எம் சிற்றடுக்களைக்கு மாதிரி எங்களுள் ஒருவருடைய ஊர்வீட்டு அடுக்களை. பதினெட்டு ஆண்டு அங்கே சமைத்த சோற்றை உண்டு வளர்ந்தவர் அவர். ஆயினும் படம் வரைய அமர்ந்தபொழுது, சன்னல் எச்சுவரில் உள்ளது என்ற வினாவுக்கு விடை கூற இயலாது விழித்தார். குடம் வைக்கும் திண்டு அடுப்புக்கு வலமா இடமா என்பதும் நினைவில்லை. தாயாரைத் தொலைபேசியில் அழைத்தார். "ஏன் தம்பி, அடுப்படியை அளக்கவா உன்னைக் காலேஜுக்கு அனுப்பினோம்?" என்று அவ்வம்மையார் சிரித்தார். பின்னர், "சன்னலா? ஒன்று இருந்தது. பரண் போட்டபோது அடைத்துவிட்டார்கள். அது ஆயிற்று, பன்னிரண்டு வருஷம்" என்றார். நண்பர் அதன்பின் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த விடுமுறையில் அவர் ஊர் சென்று ஒவ்வொன்றையும் அளந்து வந்தார். எரிவாயு அடுப்பு வாங்கியிருந்தும், சிக்கனம் கருதிச் சோறும் வெந்நீரும் விறகிலேயே காய்ந்தன. தண்ணீர்க் குழாய் வீட்டினுள் இல்லை, புழக்கடையில் இருந்தது. ஆகவே அடுக்களையின் பின்னே அட்டையொன்றை ஒட்டிப் புழக்கடையையும் அமைத்து, அடுப்பிலிருந்து குழாய்வரை நூல் பிடித்துப் பார்த்தோம். நூலின் நீளம் 22 அங்குலம்; மெய்யான வீட்டில் 22 அடி. நாளொன்றுக்கு இருபது முறை போய்வருவதாகத் தாயார் கூறியதைக்கொண்டு கணக்கிட்டோம். நாளைக்கு 880 அடி. ஓராண்டுக்கு ஏறக்குறைய 98 கிலோமீட்டர். அதிற் பாதித் தூரம் நீரைச் சுமந்து நடப்பது. அடைத்த சன்னலும் விறகுப் புகையும் வேறு. விறகு முதலியவற்றை எரிப்பதால் வீட்டினுள் எழும் புகை, 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 32 இலட்சம் பேர் உயிரிழக்கக் காரணமாயிற்று என்று உலக சுகாதார ஸ்தாபனம் கணித்துள்ளது. அச்செய்தியை முன்னமே பத்திரிகையில் படித்தவர்தாம் யாம். எம் வீட்டுப் புகையோடு அதனைச் சேர்த்து எண்ணியதில்லை.

அளந்து நோக்கினால் அடுக்களை மாறும் என்பதற்குச் சான்றும் உண்டு. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரத்துப் புதுக் குடியிருப்புகளுக்காக, மார்கரெட் ஷூட்டே-லிகோட்ஸ்கி என்னும் கட்டடக் கலைஞர் சமைப்பவர் நடக்கும் தூரத்தை எண்ணிப் பார்த்து ஓர் அடுக்களையை வகுத்தார். அதன் அகலம் சுமார் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். எல்லாப் பொருளும் கைக்கெட்டும் தொலைவில் அமைந்தன. ஏறக்குறைய 10,000 வீடுகள் அவ்வடுக்களையைப் பெற்றன. எனினும் ஒரு குறை கூறுவர். அதனுள் ஒருவரே நின்று வேலைசெய்ய இடமிருந்தது. துணைக்கு வருபவர்க்கு இடமில்லை. ஆதலின், அடுக்களையை அளப்பவர் நடைத் தூரத்தோடு உதவும் கைகளின் எண்ணிக்கையையும் கணக்கிற் கொள்வாராக.

இஃது வீண் பொழுதுபோக்கு என்பாருமுளர். எம் வேலைக்குச் செலவானவை பழைய அட்டைப் பெட்டிகளும், தீப்பெட்டிகளும், குளத்துக் களிமண்ணும், சிறிது பசையும், ஒரு பருவத்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளுமே. பெண்கள் வேலை ஆடவர்க்கு எதற்கு என்பாருமுளர். உண்பது இருபாலார்க்கும் பொதுவாயின் அடுப்பும் பொதுவே. அன்றியும், அடுக்களையில் நாள்தோறும் உழல்வோர்க்கு அதன் குறை தெரியும்; குழாயை எங்கே இறக்குவது, சன்னலை அடைப்பதா திறப்பதா என்று தீர்மானிப்பவரோ பல வீடுகளில் ஆடவர். அறியாதார் கையில் தீர்மானம் இருக்கும் வரை, அவர்க்கே இப்பயிற்சி மிகுதியும் வேண்டும்.

காட்சி முடிந்தபின் நண்பர் அச்சிற்றடுக்களையைத் தம் ஊருக்குக் கொண்டுசென்றார். அவர் தந்தையார் அதனைத் திண்ணையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்பு உள்ளே குனிந்து நோக்கி, "இவ்வளவு இருட்டாகவா இருக்கிறது?" என்று கேட்டார். அவ்வீட்டில் அவர் குடியிருப்பது முப்பது ஆண்டாக. மறு மாதத்தில் பரண் இடம் மாறியது, சன்னல் திறக்கப்பட்டது. குழாய் இன்னும் புழக்கடையிலேதான் உள்ளது. அதற்குப் பொருள் சேர்த்து வருகின்றனர். அதுவரை, விடுமுறை நாட்களில் நீர் சுமக்கும் வேலை நண்பருடையது.

ஆதலின் எம் விண்ணப்பம் ஒன்று. வருகின்ற ஆண்டுக் காட்சிக்கு, விடுதியின் ஒவ்வோர் அறையினரும் தம்முள் ஒருவருடைய வீட்டு அடுக்களையைப் புகையோடும் கரியோடும் உள்ளவாறே செய்து வைப்பாராக. ஆசிரியப் பெருமக்களும் பழைய மாணவரும் விரும்பின் தத்தம் வீட்டு அடுக்களையையும் அவ்வரிசையில் சேர்க்கலாம். செய்யத் தொடங்குமுன், கண்ணை மூடிக்கொண்டு ஒரு வினாவை மட்டும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக: நம் வீட்டு அடுக்களையில் சன்னல் எச்சுவரில் உள்ளது?