சம்பா நடவும் விஷ ஜுரமும்

பயிர்களுக்கு வரும் வியாதிகளைப் பற்றி எழுத வேண்டிய இப்பத்திரிகையில், மனிதருக்கு வரும் ஜுரத்தைப் பற்றி ஒரு விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். வைத்தியம் என் தொழில் அன்று. ஆயினும், இன்புளூயன்ஸா என்னும் விஷ ஜுரம் பரவும் காலமும், சம்பா நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்கள் வேண்டியிருக்கும் காலமும் நம் பக்கத்தில் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்திருக்கின்றன. ஆகையால் இதை விவசாய விஷயமாகவே கருத வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்தியாவின் பல நகரங்களில் இந்த ஜுரம் ஜூலை முதல் செப்டம்பர் வரையில் உச்சமடைகிறது. சென்னை, வேலூர் ஆகிய இடங்களில் எடுத்த கணக்குகளோ அக்டோபர், நவம்பர் மாதங்களையே காட்டுகின்றன. அக்காலத்தில்தான் பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டுப் பக்கங்களில் ஆட்கள் தோளோடு தோள் நின்று வேலை செய்கிறார்கள். மழை பிடித்தால் அத்தனை பேரும் ஒரே கொட்டகையில் ஒதுங்குகிறார்கள். ஒரே செம்பில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஜுரம் கண்டவர் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் நுண்ணிய துளிகளே இவ்வியாதியைப் பரப்புகின்றன. ஜுரம் வெளிப்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரவத் தொடங்கி, அதன் பின்னும் 5 முதல் 7 நாள் வரையில் பரவும். ஒருவர் இருமிக்கொண்டே நடவுக்கு வந்தால் அந்த வாரத்திலேயே எத்தனை பேர் படுப்பார்கள் என்பதை மிராசுதார்கள் எண்ணிப்பார்க்கவேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. 1918இல் பம்பாயில் இறங்கிய இந்த ஜுரம் தேசமெங்கும் பரவி, 1 கோடியே 20 லட்சம் பேருக்கு மேல் கொண்டுபோயிற்று என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வருஷம் மழையும் பொய்த்தது. வியாதி கிழவர்களோடும் குழந்தைகளோடும் நிற்காமல், 20 முதல் 40 வயதுக்குட்பட்ட, ஏர் பிடிக்கும் கைகளையும் நாற்று நடும் கைகளையும் அதிகமாக வாரிக்கொண்டது. தியோடர் ஷூல்ட்ஸ் என்னும் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் 1964இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்கிட்டிருக்கிறார். இந்தியாவில் விவசாய வேலையாட்கள் 100க்கு சுமார் 8 பேர் குறைந்தார்கள் என்றும், 1916-17இல் இருந்த சாகுபடிப் பரப்பு 1919-20இல் 100க்கு 3.8 வீதம் சுருங்கிற்று என்றும் அவர் எழுதினார். அதிலிருந்து அவர் செய்த முடிவை அமர்த்தியா சென் 1967இல் மறுத்தார். பண்டிதர்களின் வாதம் நமக்கு வேண்டியதில்லை; ஆள் படுத்தால் நிலமும் தரிசாகும் என்ற அளவில் குடியானவனுக்குச் சந்தேகம் இராது.

நிற்க, நம்மூர் விஷயத்துக்கு வருவோம். 2022 செப்டம்பரில் ஜுரத்தோடு வந்த குழந்தைகளின் கூட்டம் புதுவைப் பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் பெருகவே, 17 முதல் 25ஆம் தேதி வரையில் எட்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற வகை பரவியபோதும், 16 முதல் 26 வரையில் அவ்வாறே மூடினார்கள். செய்தது சரியே. ஆனால் பள்ளிக்கூடத்து வரிசையை நினைத்தவர்கள் நடவு வரிசையை நினைக்கவில்லை. வீட்டில் தங்கிய குழந்தைக்கு, வயலிலிருந்து திரும்பும் தாய் ஜுரத்தைக் கொண்டுவந்தால் விடுமுறையால் என்ன பிரயோஜனம்?

மருந்து விஷயத்திலும் ஒரு வார்த்தை. ஜுரம் கண்டவுடன் கடையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கி விழுங்குவது, குலைநோய் கண்ட நெல்லுக்குப் பூச்சிமருந்து தெளிப்பது போன்றதே. அம்மாத்திரை பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. இதற்கென்று தனி மருந்து உண்டு. அதை டாக்டரின் உத்தரவுப்படி, கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் தொடங்கவேண்டும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்கலாகாது.

ஜுரத்தோடு ஆள் ஏன் வேலைக்கு வருகிறான்? வராவிட்டால் அன்றையக் கூலி இல்லை. இதுவே முழுக் காரணம். ஆகவே நடவுக் காலத்தில் படுத்துவிட்ட ஆளுக்கு மூன்று நாள் அரைக்கூலி கொடுப்பது என்று ஒவ்வொரு கிராமத்து நிலக்காரர்களும் கூடித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். பொய்ஜுரம் சொல்லுவார்கள் என்ற ஆக்ஷேபணையைப் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். சிலர் சொல்லட்டுமே, நட வேண்டிய நாற்று முற்றிப்போகும் நஷ்டத்தை விட அந்தச் செலவு பெரிதன்று.

தடுப்பூசியும் உண்டு. இந்த வைரஸ் உருமாறிக்கொண்டே இருப்பதால் வருஷந்தோறும் போடவேண்டும். பலன் கொடுக்கச் சுமார் இரண்டு வாரம் செல்லும். முழுப் பாதுகாப்பென்று சொல்வதற்கில்லை. ஆயினும் வியாதியின் கடுமையைக் குறைக்கும். முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்கள் ஆவணி மாதத்திலேயே டாக்டரைக் கண்டு போட்டுக்கொள்வது உத்தமம். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இது சேராததால், ஏழைத் தொழிலாளர் வீட்டு முதியோருக்கு இலவசமாகக் கிடைக்கும்படி கொம்யூன் பஞ்சாயத்துகள் சர்க்காருக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டும். பயிர்க் கணக்கு எழுதப் போகும்போது, ஒரே தெருவில் ஒரே வாரத்தில் பல வீடுகளில் ஜுரமென்று கேள்விப்பட்டால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவியுங்கள். கோழிகள் கூட்டமாய் மடிந்தால் கால்நடைத் துறைக்குத் தாமதமின்றிச் சொல்வதில்லையா? அதே விதமாக.