கப்பலேறிப் போனவர்களின் ஊர்

1860 நவம்பர் 16 அன்று, சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை சென்னை, கல்கத்தா வழியாகச் சுமார் 1,52,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜில்லா, ஊர் எல்லாம் கப்பல் பட்டியலில் ஏறின.

அந்தப் பட்டியலோடு இன்று சந்ததியினர் ஊர் தேடி வருகிறார்கள். குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர் குழப்புகிறது. அரியலூர் மாவட்டம் என்று தேடினாலும் கிடைக்காது. இன்றைய செந்துறை அன்று திருச்சி ஜில்லா, உடையார்பாளையம் தாலுகா.

தேடும் பாரத்தை அவர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமா? போய்த் திரும்பாதவர் யார், குலதெய்வம் எது, ஊரின் பழைய பெயர் என்ன என்று செந்துறை மாணவர்கள் பாட்டிகளிடம் கேட்டு எழுதி வைக்கலாம். பட்டியல் காகிதத்தில் இருக்கிறது. பாட்டிகளின் ஞாபகம் அப்படியல்ல.