தளர்ந்த இருதயத்துக்கு மாத்திரையும் வேண்டும், கூலியும் வேண்டும்!

சிதம்பரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நடவு வேலை செய்யும் ஒரு தாய், தன் ஆஸ்பத்திரிச் சீட்டை நம்மிடம் நீட்டினார். மேலே ஐந்து மாத்திரைகளின் பெயர். கீழே மூன்று உத்தரவு: உப்பைக் குறைக்கவும், பளுவான வேலை கூடாது, ஓய்வு எடுக்கவும். படித்துச் சொன்னோம். கேட்டுவிட்டு அந்தத் தாய் சொன்னார்: "மாத்திரைய முழுங்கிடலாம் தோழர். ஓய்வ எந்தக் கடையில வாங்குறது?"

நாம் பதில் சொல்ல முடியாமல் நின்றோம். கடலூர் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில் சேரி வரைக்கும் இதே கேள்வி பல வீடுகளில் இருக்கிறது. அதற்குப் பதில் தேடியாக வேண்டும்.

நோய் என்ன?

டாக்டர்கள் இதை "ஹார்ட் பெயிலியர்" என்கிறார்கள். பத்திரிகைகள் "இதயச் செயலிழப்பு" என்று எழுதுகின்றன. பெயரைக் கேட்டதுமே பாதி உயிர் போய்விடுகிறது! ஆனால் இருதயம் நின்றுவிட்டது என்று இதற்குப் பொருள் அல்ல. மாரடைப்பும் இதுவும் ஒன்றல்ல. இருதயம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை இறைக்க அதற்குப் பலம் போதவில்லை, அவ்வளவுதான்.

நம் ஜில்லா விவசாயத் தொழிலாளிக்கு இது எளிதில் விளங்கும். தலைமடையில் வேகம் குறைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. வடிகால் தூர்ந்தால் வயலிலே தண்ணீர் தேங்கும். உடம்பிலும் இதே கதைதான். ரத்தம் போதாமல் கை கால் அசந்து போகிறது. திரும்பி வரவேண்டிய நீர் காலிலும் வயிற்றிலும் நெஞ்சிலும் தேங்குகிறது. நாலு எட்டு நடந்தால் இளைப்பு; மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறது; நடு ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து உட்கார வேண்டியிருக்கிறது. இதை "வாயு" என்றும் "வயசாகிவிட்டது" என்றும் சொல்லி மாதக்கணக்கில் காலம் கடத்துகிறோம். அங்கேதான் ஆபத்து.

எதனால் வருகிறது? மாரடைப்பு வந்து பிழைத்தவருக்கு வருகிறது. ரத்தக் கொதிப்பு இருப்பதே தெரியாமல் வருஷக்கணக்கில் உழைத்தவருக்கு வருகிறது. சர்க்கரை நோயால் வருகிறது. சாராயமும் இருதயத் தசையைக் கெடுக்கிறது. இன்னொரு காரணம் வறுமையின் நேரடிக் குழந்தை. நெருக்கடியான குடிசையில் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வருகிறது. கவனிக்காமல் விட்டால் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வருகிறது. அது இருதயத்தின் வால்வைத் தின்கிறது. பத்து வயதில் வந்த தொண்டைப் புண்ணுக்கு இருபத்தைந்து வயதில் ஒரு தாய் விலை கொடுக்கிறாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டு வந்தாலே மேலும் கெடாமல் தடுக்கலாம்.

வீட்டிலே செய்ய வேண்டியது

இந்த நோயோடு வாழ முடியும். 1987இல் ஸ்வீடன், நார்வே, பின்லாந்து டாக்டர்கள் சேர்ந்து நடத்திய பரிசோதனையில், எனாலாப்ரில் மாத்திரை கடும் நோயாளிகளிடையே சாவைக் குறைக்கிறது என்று நிரூபணமாயிற்று. அதற்குப் பின் வேறு மாத்திரைகளும் சேர்ந்தன. ஆகவே, கால் வீக்கம் வடிந்ததும் "குணமாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்களை நடமாட வைத்திருப்பதே அந்த மாத்திரைதான்.

தினமும் காலையில், சிறுநீர் கழித்த பின், எடை பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, தேங்கிய நீர். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எடை மெஷின் இல்லையா? கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் அழுத்துங்கள். குழி விழுந்தால், செருப்பு வார் இறுகினால், அதுவும் எச்சரிக்கைதான்.

உப்பு நீரைப் பிடித்து வைக்கும். கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் உப்புக் கிடங்குகள். கூலிக்காரனின் கஞ்சிக்கு அவைதானே துணை என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனாலும் குறைக்கத்தான் வேண்டும். வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறோம். நாள் முழுக்கக் குனிந்து நட்டுவிட்டு, மெடிக்கல் கடையில் உடம்பு வலிக்கு மாத்திரை வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடம் பரவிக் கிடக்கிறது. டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்ற அந்த மாத்திரைகள் உடம்பில் நீரைத் தேக்கி, தளர்ந்த இருதயத்தை மேலும் அமுக்கும். டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

சும்மா படுத்தே கிடக்கவும் வேண்டாம். மூச்சு வாங்காத அளவுக்கு நடப்பது நல்லது என்றுதான் இன்றைய வைத்தியம் சொல்கிறது. மூட்டை தூக்குவதுதான் கூடாது.

கூலியில்லாத ஓய்வு பட்டினி!

இவ்வளவும் நாம் செய்யக்கூடியவை. ஆனால் நீர் பிரிய வைக்கும் மாத்திரையை ஏன் தவற விடுகிறாய் என்று ஒரு பெண் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். "வயல்ல எங்க போய் ஒதுங்குறது?" என்பாள். வேலை நாளில் எந்த நேரத்துக்கு அதைப் போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. ஆனால் கக்கூஸ் இல்லாத வேலைத் தலத்துக்கு அவளா பொறுப்பு?

ஆலைத் தொழிலாளிக்கு ஒரு உரிமை இருக்கிறது. பலருக்கு அது தெரியவே தெரியாது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் சாதாரண நோய்க்கு வருஷத்தில் 91 நாள், கூலியில் நூற்றுக்கு 70 வீதம் கிடைக்கும். அதன் பிறகும் தீராத 34 நீண்ட கால நோய்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. இருதயத் தளர்ச்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது! அதற்கு நூற்றுக்கு 80 வீதம், மருத்துவச் சான்றின்பேரில் இரண்டு வருஷம் வரை வாங்கலாம். ஆனால் இரண்டு வருஷத் தொடர் வேலையும் குறிப்பிட்ட நாட்களின் சந்தாவும் வேண்டும் என்பது விதி. காண்டிராக்ட்காரன் ஆளை அடிக்கடி நிறுத்தி எடுப்பதும், சந்தாவைக் கட்டாமல் விழுங்குவதும் எங்கே போய் அடிக்கிறது என்று பாருங்கள். இருதயத்திலேயே அடிக்கிறது!

விவசாயத் தொழிலாளிக்கோ இந்த 80 வீதமும் இல்லை, 70 வீதமும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளில் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு. ஆபரேஷனுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆனால் இந்த நோய் ஒரு நாள் ஆபரேஷனில் தீருவதல்ல. தினமும் மாத்திரை, தினமும் சோறு, தினமும் ஓய்வு கேட்கும் நோய்.

போராடினால் கிடைக்கும்

மாத்திரை மலிவாகக் கிடைப்பதும் தானாக வந்ததல்ல. 1970ஆம் வருஷத்துப் பேடண்ட் சட்டம், மருந்தின் மீது ஏகபோகம் கூடாது, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே பேடண்ட் என்றது. 2005இல் உலக வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. டாபாகிளிப்ளோசின் என்ற மாத்திரை சர்க்கரை நோய்க்காக வந்தது. தளர்ந்த இருதயத்துக்கும் நல்லது என்று 2019இல் தெரிந்தது. 2020 அக்டோபரில் அதன் முதல் பேடண்ட் முடிந்தது. இன்னொரு பேடண்டைக் காட்டி அன்னியக் கம்பெனி தடை கேட்டது. அந்த நவம்பரில் டில்லி ஐகோர்ட் மறுத்தது. விலை சரிந்தது.

நம் சிதம்பரத்தையே பாருங்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை சர்க்கார் 2013இலேயே பல்கலைக்கழகத்தோடு சேர்த்து ஏற்றது. ஆனால் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு ஐந்து லட்சத்துக்கு மேல் நீடித்தது. மாணவர்கள் இரவு பகலாகப் போராடினார்கள். 2021இல் அது சுகாதார இலாகாவின் கைக்கு வந்து, ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. பிள்ளைகள் போராடி வென்ற ஆஸ்பத்திரி அது.

அடுத்த அடியை நாம் எடுத்து வைக்க வேண்டும். 2021 ஆகஸ்டில் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மருந்தை வீடு தேடிக் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இருதயத் தளர்ச்சி மாத்திரைகளும் அதே பையில் வரட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு மாத மருந்து தட்டில்லாமல் கிடைக்கட்டும். காண்டிராக்ட் தொழிலாளிக்கு முதல் நாளிலிருந்தே ஈ.எஸ்.ஐ. வேண்டும். நோயுற்ற ஆலைத் தொழிலாளிக்கு, கூலி குறைக்காமல், இலேசான வேலை வேண்டும். நோயுற்ற விவசாயத் தொழிலாளிக்கு சர்க்கார் மாத உதவி தர வேண்டும்.

தோழர்களே! 34 நோய்களின் பட்டியலை ஒவ்வொரு சங்க ஆபீசிலும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் தெருவில் கால் வீங்கி இளைக்கிறவர் யார் என்று இன்றே விசாரியுங்கள். துணைக்கு ஒரு ஆள் சேர்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

ஓய்வு எந்தக் கடையிலும் கிடைக்காது. சங்கம் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும். அந்தத் தாய்க்கு நாம் சொல்லும் பதில் இதுதான்.