பன்னிரண்டு மாதப் பச்சை

எங்கள் பக்கத்தில் புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஓர் ஆசை வந்திருக்கிறது. எங்கள் பக்கம் என்றால் திருப்பத்தூர்; ஜோலார்ப்பேட்டைக்கு அருகில் இருக்கிறதே அது அல்ல, சிவகங்கைச் சீமைத் திருப்பத்தூர். வாசலில் புல்தரை போட வேண்டும், அது தை முதல் மார்கழி வரை ஒரே பச்சையாக இருக்க வேண்டும் என்பதே அந்த ஆசை. புல்லின்மீது எனக்கு விரோதம் இல்லை. அந்தப் பன்னிரண்டு மாதக் கணக்கைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தக் கணக்கு இங்கிலாந்துக் கணக்கு. அங்கே மழை வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்கிறது; வெயில் சாது. புல்லை வளர்ப்பது அங்கே கஷ்டமில்லை, வெட்டுவதுதான் கஷ்டம். அதனால்தான் எட்வின் பட்டிங் என்ற இங்கிலீஷ்காரர் 1830-ல் புல் வெட்டும் இயந்திரத்தைக் கண்டுபிடித்தார். இந்த நாட்டுக்கு வந்த வெள்ளைக்காரர்கள் ஊர் ஞாபகத்தில் கிளப்பிலும் பங்களாவிலும் புல் வளர்த்தார்கள். தண்ணீர் சுமக்க நம் ஆட்கள் இருந்தார்கள். மருது சகோதரர்களை 1801-ல் தூக்கிலிட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, தூக்கிலிட்டவர்களுடைய புல்லுக்காக நாம் மோட்டார் போடுகிறோம்!

புல்தரை வளர்ப்பைப் பற்றிய புத்தகங்களும் அந்தச் சீமைச் சரக்குத்தான். வசந்தத்தில் உரம் போடு, இலையுதிர் காலத்தில் விதை தூவு என்கின்றன. எங்கள் ஊர் வேம்பு மாசி பங்குனியில் இலையை உதிர்த்து, உதிர்த்த கையோடு துளிர்த்துவிடுகிறது. இரண்டு பருவமும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டால் எப்போது உரம், எப்போது விதை?

தண்ணீர்க் கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட் புல்தரைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் வீதம் விட்டால் 500 லிட்டர் ஆகிறது. பதினைந்து லிட்டர் குடத்தால் முப்பத்துமூன்று குடம். சித்திரை, வைகாசி, ஆனி என்ற மூன்று மாதத்துக்கு 45,000 லிட்டர். இவ்வளவும் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிறது. மேலே மதில் சுவர் கட்டி எல்லை பிரித்திருக்கிறோம். கீழே இருக்கிற தண்ணீருக்கு அந்த மதில் தெரியாது. தெருக்குழாயில் குடத்தை வைத்துக் காத்திருக்கிற பெண்பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு.

சொந்தக் காசு, சொந்த மோட்டார் என்று சொல்லுகிறவர்கள் செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் போய்ப் பார்க்க வேண்டும். அவற்றைக் கட்டியவர்களுக்குக் காசு இல்லையா? பர்மாவிலிருந்து தேக்கு, இத்தாலியிலிருந்து சலவைக்கல், எங்கிருந்தெல்லாமோ கண்ணாடியும் விளக்கும் கப்பலில் வந்தன. புல்தரை மட்டும் வரவில்லை. தேக்கும் சலவைக்கல்லும் தண்ணீர் கேட்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஓட்டுக் கூரையை உள்முற்றத்தை நோக்கிச் சரித்து, விழுகிற மழையை அண்டாவில் பிடித்தார்கள். ஊருக்குப் பொதுவில் ஊருணி வெட்டினார்கள்; குடிக்கிற ஊருணியில் கால் கழுவினால் சண்டை வந்தது. நாமோ 2003-ல் சட்டம் வந்த பிறகுதான் மழைநீர்க் குழாய் வைத்தோம். அதிலும் பாதிப் பேர் பார்க்க வருகிற அதிகாரிக்காக வைத்தோம்.

"அண்ணே, நாலு முழம் பச்சைக்கு இத்தனை கோபமா? பேரப்பிள்ளைகள் விழுந்து புரள ஓர் இடம் வேண்டாமா?" என்று ஒரு சிநேகிதர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காக நர்சரியில் பாய் பாயாகச் சுருட்டி விற்கிற கொரியன் புல்லை வாங்க வேண்டியதில்லை. அருகம்புல் இருக்கிறது. பிள்ளையார்பட்டிக்குப் போகும்போது மாலையாக வாங்குகிறோமே, அதே புல்தான். அதற்குப் பெர்முடா புல் என்று பெயர் வைத்து வெப்ப நாடுகளின் கோல்ப் மைதானங்களில் கௌரவமாக வளர்க்கிறார்கள்.

அருகை வளர்ப்பதற்கு எங்கள் பஞ்சாங்கம் போதும். புரட்டாசியில் முதல் மழை மண்ணை இளக்கியதும் கோரையைக் கிழங்கோடு தோண்டி எடுங்கள். மேலே கிள்ளினால் அது சிரித்துக்கொண்டு மறுபடி வரும். மக்கிய எருவைத் தூவி, கணுவுள்ள அருகந்துண்டுகளை ஊன்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையே மீதியைப் பார்த்துக்கொள்ளும். வெட்டும்போது மொட்டை அடிக்காமல் இரண்டு அங்குலம் விடுங்கள். வெட்டியதை அங்கேயே போடுங்கள், அது உரம். மார்கழி, தையில் பனி இருக்கிறது. மாசியிலிருந்து தண்ணீரைக் குறையுங்கள். அரிசி களைந்த தண்ணீரும் காய்கறி கழுவிய தண்ணீரும் எப்போதாவது கிடைத்தால் போதும். சித்திரையில் அது பழுப்பாகும். செத்துவிட்டது என்று கொத்திப் போடாதீர்கள்! மண்ணுக்குள் தண்டு உயிரோடு இருக்கிறது. கலியாண வீட்டில் அருகுபோல் வேரோட வேண்டும் என்று வாழ்த்துகிறோமே, சும்மாவா?

பணக்கார அமெரிக்காவிலேயே, நெவாடா மாகாணத்தில், ஒருவரும் கால் வைக்காத அலங்காரப் புல்தரைகளுக்கு 2027 முதல் கொலராடோ ஆற்றுத் தண்ணீரை விடக்கூடாது என்று 2021-ல் சட்டம் செய்தார்கள். தனி வீடுகளை அதில் விட்டுவிட்டார்கள். ஓட்டுப் பயம் எந்த நாட்டில் இல்லை? நமக்குச் சட்டம் வருகிறவரை காத்திருப்பானேன்?

சிநேகிதருக்கு இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி: சித்திரையில் சம்பந்தி வந்து இந்தப் பழுப்பைப் பார்த்தால் என்ன சொல்வது? புல் தூங்குகிறது என்று சொல்லி, சம்பந்தியைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு செம்பு மோர் கொடுக்கச் சொன்னேன்.