போபால்: எரித்தது 337 டன், மண்ணில் கிடப்பது 11 லட்சம் டன்

1984 டிசம்பர் 2 நள்ளிரவில் போபால் நகரின் மீது மீத்தைல் ஐசோசயனேட் நச்சுவாயு படர்ந்து 41 ஆண்டுகள் நிறைந்துவிட்டன. 2025இல் ஆட்சியாளர்கள் ஒரு வெற்றிச் செய்தியை நாட்டுக்கு அறிவித்தார்கள். யூனியன் கார்பைடு ஆலையின் கிடங்கில் கிடந்த 337 டன் நச்சுக்கழிவு, உயர்நீதிமன்ற ஆணையின் பேரில் 2025 சனவரி முதல் நாள் இரவு 12 கொள்கலன் வாகனங்களில் ஏற்றப்பட்டுப் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. சூன் இறுதிக்குள் முழுவதும் எரிக்கப்பட்டது. போபாலின் நச்சு இத்துடன் நீங்கியது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் விதைக்கப்படுகிறது. இதைவிடக் கொடிய பொய் வேறில்லை.

எரிக்கப்பட்டது, ஆலை வளாகத்தின் மேற்பரப்பிலிருந்து 2005இல் திரட்டி மூட்டைகளில் கட்டி வைக்கப்பட்ட கழிவு மட்டுமே. மண்ணுக்குள் இருப்பதை எவரும் தொடவில்லை. அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களான நீரியும் தேசியப் புவியியற்பியல் ஆராய்ச்சி நிறுவனமும் 2010இல் அளித்த மதிப்பீட்டின்படி, அங்கு நச்சேறிய மண் 11 லட்சம் டன். எரித்ததை இதனோடு ஒப்பிட்டால் பத்தாயிரத்தில் மூன்று பங்கு!

இந்த நஞ்சு அந்த ஓர் இரவில் சேர்ந்ததன்று. 1969 முதல் 1984 வரை, பூச்சிக்கொல்லி உற்பத்தியின் கழிவுகளை நிர்வாகம் வளாகத்துக்குள்ளேயே குழிகளில் கொட்டியது. 1977 முதல், ஆலைக்கு வடக்கே வெட்டப்பட்ட ஆவியாக்கும் குளங்களில் கழிவுநீரைத் தேக்கியது. அக்குளங்கள் கசிகின்றன என்பதை நிறுவனத்தின் 1982ஆம் ஆண்டு உள்ளாவணங்களே ஒப்புக்கொள்கின்றன. அதாவது, வாயுக் கசிவுக்கு ஈராண்டுகள் முன்பே நிலத்தடிக் கசிவு நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாளாவிருந்தது.

கார்பன் டெட்ராகுளோரைடு, குளோரோஃபார்ம், டைகுளோரோபென்சீன் போன்ற சேர்மங்கள் நீரைவிடக் கனமானவை. மழைநீரோடு இறங்கும் அவை நீர்த்தாரையின் அடியில் தங்கி, ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகக் கரைந்து நகர்கின்றன. பாதரசமும் ஈயமும் குரோமியமும் மண்ணில் சிதையாமல் நிற்கின்றன. ஆகவே காலம் இந்த நஞ்சை ஆற்றாது, பரப்பவே செய்யும். ஒவ்வொரு மழைக்காலமும் அதை மேலும் ஓரடி தள்ளுகிறது. அடல் அயூப் நகர், ஆரிஃப் நகர், அண்ணு நகர் எனத் தொடங்கிய பட்டியல், இந்திய நச்சியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகளுக்குப்பின் 42 குடியிருப்புகளாக நீண்டது. அங்கு வாழ்வோர் அன்றாடக் கூலிகள், கைவண்டித் தொழிலாளர்கள், வீட்டுவேலை செய்யும் பெண்கள். அவர்களுக்குத் தூய குடிநீர் வழங்குமாறு உச்சநீதிமன்றம் 2004இல் ஆணையிட்டது. குழாய்நீர் வந்துசேரப் பல்லாண்டுகள் பிடித்தன. அதுவரை குடித்த நீருக்கு யார் பொறுப்பு?

பொறுப்பு என்ற கேள்வி எழும்போதெல்லாம் முதலாளித்துவச் சட்டம் ஒரு மாயவித்தை காட்டுகிறது. இந்தியக் கிளையில் 50.9 விழுக்காடு பங்கு வைத்திருந்த யூனியன் கார்பைடு, 47 கோடி டாலரை 1989இல் கொடுத்துக் கைகழுவியது. அந்த உடன்பாடு வாயுக் கசிவுக்கானது; மண்ணுக்கும் நீருக்குமானதன்று. பின்னர் கிளை விற்கப்பட்டது. நச்சு நிலம் 1998இல் மாநில அரசின் தலையில் கட்டப்பட்டது. 2001இல் தாய் நிறுவனத்தையே டவ் கெமிக்கல் விழுங்கியது. அமெரிக்காவில் யூனியன் கார்பைடின் கல்நார் வழக்குகளுக்காக 220 கோடி டாலரை ஒதுக்கிய அதே டவ், போபாலுக்குத் தனக்குப் பொறுப்பே இல்லை என்கிறது. சொத்தை வாங்கும்போது ஒரே நிறுவனம். கடனைக் கேட்கும்போது வெவ்வேறு நிறுவனங்கள். தூய்மைப்பணிக்கு முன்பணமாக டவ் 100 கோடி ரூபாய் கட்டவேண்டும் என ஒன்றிய அரசின் இரசாயன அமைச்சகமே 2005இல் நீதிமன்றத்தில் கோரியது. இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன. இறுதியில் 337 டன்னை எரிக்கும் செலவுக்கென 126 கோடி ரூபாய் நம் வரிப்பணத்திலிருந்து ஒதுக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்பதை 1996இலேயே உச்சநீதிமன்றம் இந்நாட்டின் சட்டமாக அறிவித்தது. போபாலில் மாசுபட்டவரே செலவை ஏற்கிறார்.

பீதம்பூர் மக்களின் எதிர்ப்பையும் நாம் நேர்மையாகப் பார்க்கவேண்டும். தார் மாவட்டத்துத் தொழில்நகரம் அது. கழிவு வந்து இறங்கியதும் அங்கு போராட்டம் வெடித்தது. இருவர் தம்மேல் தீயிட்டுக்கொண்டனர். எரித்தபின் எஞ்சிய சாம்பலும் கசடும் 800 டன்னுக்கு மேல். இட்டதைவிட இருமடங்குக்கும் அதிகம். இனி அதைப் புதைக்கவேண்டும். இதே கழிவை ஜெர்மனிக்கு அனுப்பும் திட்டம் அங்கு எழுந்த எதிர்ப்பால் 2012இல் கைவிடப்பட்டது. போபாலின் ஏழைகளையும் பீதம்பூரின் தொழிலாளர்களையும் எதிரெதிரே நிறுத்தும் தீர்வு நமக்குத் தேவையில்லை. மாற்றுவழி உண்டு. கொடைக்கானல் பாதரசக் கழிவை, மக்கள் போராட்டத்தின் விளைவாக, அதே பன்னாட்டு முதலாளியின் செலவில் 2003இல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பிய முன்னுதாரணம் நம் கண்முன் இருக்கிறது.

2025 சூலையில் ஒன்றிய அரசு மாசடைந்த நிலங்களின் மேலாண்மைக்கென விதிகளை வெளியிட்டது. போபால் பேரழிவு நிகழ்ந்து நான்கு பதிற்றாண்டுகளுக்குப் பின்னரேனும் வந்ததை வரவேற்கலாம். மாசைக் கண்டறியவும் பொறுப்பாளியை அடையாளம் காணவும் அவ்விதிகள் காலவரம்பு வைக்கின்றன. தூய்மைப்பணியை முடிப்பதற்கு வைக்கவில்லை. பொறுப்பாளி செலுத்த இயலாவிடில் அரசுகளே செலவை ஏற்க வழி செய்கின்றன. நிறுவனத்தைக் கைமாற்றி, பெயர்மாற்றித் தப்பும் கலையில் தேர்ந்தவர்களுக்கு இது திறந்த கதவு. நாட்டில் அப்போதுவரை அடையாளம் காணப்பட்ட மாசடைந்த நிலங்கள் 103. தூய்மைப்பணி தொடங்கியது ஏழில் மட்டும்.

நம் கோரிக்கைகள் தெளிவானவை. போபால் மண், நிலத்தடி நீர் இரண்டின் மாசும் எவ்வளவு ஆழம், எவ்வளவு தொலைவு பரவியுள்ளது என்று முழுமையான ஆய்வு நடத்தி, முடிவுகளை மக்கள்முன் வைக்கவேண்டும். மண்ணை அகழ்ந்தும் நீரை இறைத்தும் தூய்மைப்படுத்தும் திட்டத்தைக் கால எல்லையோடு அறிவிக்கவேண்டும். அதுவரை ஆலை நிலத்தில் நினைவகம், பூங்கா என எந்தப் பெயரிலும் கட்டுமானம் கூடாது. நிலத்தடி நீரால் பாதிக்கப்பட்டோருக்கு, வாயுவால் பாதிக்கப்பட்டோருக்கு இணையான இலவச மருத்துவமும் இழப்பீடும் வேண்டும். திட்டத்தின் முழுச் செலவையும் டவ் நிறுவனத்திடம் பெறவேண்டும். மறுத்தால் இந்தியாவில் அது ஈட்டும் ஒவ்வொரு ரூபாயும் அக்கடனுக்கு ஈடாகட்டும்.

337 டன்னை எரித்துவிட்டு 11 லட்சம் டன்னை மறக்கச் சொல்கிறார்கள். மறக்க மாட்டோம். அந்த மண்ணின்மேல் நடந்து பள்ளிக்குச் செல்லும் குழந்தைகள், 1984இல் பிறந்தேயிராதவர்கள். அவர்களின் குடத்து நீர் தூய்மையாகும் வரை, யூனியன் கார்பைடு வழக்கு முடிந்துவிட்டதாக எந்த அரசும் சொல்ல உரிமையில்லை.