பெயரைத் தானே சொல்லும் கணனி

மிச்சத்திலும் அதன் அயலிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் மடிக்கணனி, கைத்தொலைபேசிகள், அச்சுப்பொறி யாவும் ஒரே இணைப்பில் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு. அப்பெயரை அது நம்மைக் கேளாமலே பிறருக்கு அறிவிக்கின்றது என்பதை நம்மிற் பலர் அறியோம்.

கணனிகள் ஒன்றையொன்று இலக்கத்தால் அறிவன. பெயர் மனிதரின் வசதிக்காக ஏற்பட்டது. ஆரம்பத்தில், அமெரிக்காவின் ஆர்ப்பாநெற் வலையமைப்பைச் சேர்ந்த கணனிகளின் பெயர்கள் ஒரே இடாப்பில் எழுதப்பட்டன. கலிபோர்னியாவில் எலிசபெத் ஃபைன்லர் அம்மையாரின் பணிமனை அதனைப் பேணியது. மாணவர் பெருகிய பாடசாலைக்கு ஓர் ஆசிரியரே வரவு இடாப்பு எழுதுவது போன்ற நிலை உருவாகவே, இடாப்பைப் பலரிடம் பகிர்ந்து வைக்கும் முறையை 1983இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்தார். மனிதர் கைபடாமல் பெயர்ப்பதிவு புதுப்பிக்கப்படுவதற்கான விதி 1997இல் வெளியாயிற்று.

வீட்டில் நிகழ்வதும் இத்தகையதே. வலையமைப்பினுள் நுழையும் கருவி தனக்கோர் இலக்கம் கேட்கும். கேட்கும்போதே பெரும்பாலும் தன் பெயரையும் கூறும். ரவுட்டர் குறித்த காலக் குத்தகைக்கு இலக்கத்தை வழங்கும். பல ரவுட்டர்கள் பெயரையும் பதிந்துகொள்ளும். நாளை இலக்கம் மாறினாலும் பெயர் மாறாது. பிள்ளைகள் மாடியறையில் இருந்தபடியே அச்சுப்பொறியைப் பெயரால் தேடிப் பிடிப்பது இதனாலேயே. சில கருவிகள் ரவுட்டரையும் நாடாமல், அருகிலுள்ள யாவற்றுக்கும் கேட்கத் தம் பெயரைத் தாமே கூவுகின்றன.

வீட்டினுள் இது நன்மையே. ஆனால் நூலகத்திலும் தேநீர்ச்சாலையிலும் பொது வைஃபையில் இணையும்போதும் அக்கருவி அதே பெயரைக் கூறக்கூடும். பல கருவிகள் உரிமையாளரின் பெயரையே தம் பெயராகச் சூடிக்கொள்கின்றன. யார், எங்கே, எப்போது வந்தார் என்பது இவ்வாறு அந்நியருக்கும் புலனாகலாம். இணையப் பொறியியற் செயலணியின் வழி 2017 மார்ச்சில் வெளியான 8117ஆம் இலக்க ஆவணம் இவ்வழக்கத்தின் தீங்கை எடுத்துக்காட்டியது.

பெயர்ப்பட்டியல் தீயோர் கையிற் சேர்ந்தால் நேர்வதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 1983 யூலையில் கொழும்பிற் காடையர் வாக்காளர் இடாப்புகளைக் கையில் வைத்துத் தமிழர் வீடுகளைத் தேடினர். தேநீர்ச்சாலை வைஃபையை அதனோடு ஒப்பிடுவது மிகையாகும். ஆயினும் கேளாதவரிடம் பெயர் சொல்லாதிருத்தல் நாம் பட்டறிந்த பாடம்.

ஆகவே, அமைப்புகள் பகுதியைத் திறந்து கருவியின் பெயரைப் பாருங்கள். அதில் உங்கள் பெயரோ பிள்ளையின் பெயரோ இருப்பின் மாற்றுங்கள். முல்லை, நொச்சி என ஏதேனும் ஒரு பெயர் போதும். ஆங்கில எழுத்தில், இடைவெளியின்றி எழுதுங்கள். இரு கருவிகளுக்கு ஒரே பெயர் வேண்டாம். இவ்வேலையைப் பிள்ளைகள் நொடியிற் செய்து முடிப்பார்கள். எதற்காகச் செய்கிறோம் என்பதை அவர்களுக்கு எடுத்துக் கூற வேண்டியவர்கள் பெற்றோரே.